இரண்டு சுழி அன்னா

தியாகராய நகர்,
6-2-1972

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கபுஷ்பம் எழுதுவது. அம்மாவும் நானும் சௌக்கியம். பனி குறைந்ததும் அம்மாவின் இளைப்பும் குறைந்துவிட்டது. உன் உடம்பை நினைத்துத்தான் எங்களுக்குக் கவலை. பாகிஸ்தானோடு சண்டை முடிந்து ஏழு வாரமாகியும் நீ இரண்டு கார்டுதான் போட்டிருக்கிறாய். இரண்டிலும் 'நலம்' என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. அம்மா அதையே நாலு தடவை வாசிக்கச் சொன்னாள்.

நான் பாண்டி பஜார் சந்தில் கரீமுல்லா பாய் கடைக்குத்தான் இன்னும் போகிறேன். கொக்கி, பொத்தான், ஓரம் மடிப்பதெல்லாம் போய் இப்போது ரவிக்கை வெட்டவும் விடுகிறார். ஆட்கள் வந்தால் மட்டும் திரைக்குப் பின்னால் போய்விடுவேன். அளவு கேட்கக்கூட எனக்கு நாக்கு எழுவதில்லை. "வாய்ல ஊசி வெச்சிக்கினு கீறியா பாப்பா?" என்று பாய் கேலி செய்கிறார்.

தீபாவளிக்கு முந்தி வந்தபோது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? சித்திரைக்குள் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிடும், எங்கள் இருவரையும் அழைத்துக்கொள்வேன், எனக்கு ஒரு மிஷின் வாங்கித் தருவேன் என்றாய். எட்டாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றபோது அழாத நான் அன்றைக்குச் சந்தோஷத்தில் அழுதேன். டிரங்குப் பெட்டியில் பழைய துணியெல்லாம் எடுத்து அடுக்கியாகிவிட்டது. அம்மா சிரிக்கிறாள்.

கப்பற்படையில் உனக்கு என்ன வேலை என்று எழுது. கடைசல் பட்டறை என்று மட்டும் சொன்னால் எனக்கு ஒன்றும் கண்ணில் தெரிவதில்லை.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
தங்கபுஷ்பம்


விசாகப்பட்டினம்,
24-2-1972

அன்புத் தங்கத்துக்கு,

அம்மாவுக்கு என் வணக்கம். நான் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நன்றாகக் கறுத்துப்போயிருக்கிறேன். கறுப்பைத் தவிர மற்றதெல்லாம் உங்களுக்கும் அப்படியே இருக்கட்டும்.

கப்பல் பெயரெல்லாம் எழுதக் கூடாது. வேலையைச் சொல்லலாம், உனக்குப் புரிகிற வேலைதான். எண்ணெய் கொண்டுபோகிற கப்பல் இங்கிலீஷ்காரன் பாணி. அதில் எல்லாம் இஞ்ச். புதிதாக வந்த கப்பல்கள் ரஷ்யாக்காரன் கட்டியவை. அவற்றில் எல்லாம் மில்லிமீட்டர். நடுக்கடலில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எண்ணெய் ஏற்ற வேண்டும். ஆனால் குழாயின் முகமும் கப்பலில் அதை மாட்டும் வாயின் முகமும் ஒட்டவில்லை. ஒன்றுக்கு எட்டுத் துளை, இன்னொன்றுக்கு ஆறு. அதனால் நடுவில் ஒரு வளையம் கடைகிறோம். ஒரு முகம் இஞ்ச்காரனுக்கு, மறுமுகம் மில்லிமீட்டர்காரனுக்கு. சொன்னால் இவ்வளவுதான். மூன்று வளையம் கெட்டுப்போய் நாலாவது கடைந்துகொண்டிருக்கிறேன்.

எனக்குச் சொல்லித் தருபவர் செர்கேய் என்ற ரஷ்ய இன்ஜினியர். அவருக்கு இங்கிலீஷ் வராது, எனக்கு ரஷ்யன் வராது. அவர் மகள் லேனாதான் நடுவில் நின்று பேசுகிறாள். லேனாவுக்கு உன் வயது. பத்தாவது படிக்கிறாள். சாயங்காலம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தால் லேனா எங்களை விட்டுப் போவதே இல்லை. தமிழில் பத்து வார்த்தை பேசுகிறாள். இப்போது லேனாவுக்குச் சேலை கட்டிப் பார்க்க ஆசையாம். ஒரு ரவிக்கை தைத்து அனுப்புவாயா? லேனாவின் அளவு: மார்பு 81, இடுப்பு 61, மேல்கை 27. நீல நிறம் பிடிக்குமாம்.

அம்மாவின் இளைப்புக்கு மருந்தை நிறுத்த வேண்டாம்.

உன் அண்ணா,
வெள்ளைத்துரை


தியாகராய நகர்,
12-3-1972

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். அம்மா மருந்தை நிறுத்தவில்லை. நீயும் நலமாக இருப்பாய். பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்களே.

நீ அனுப்பிய அளவைப் பாயிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "எம்பத்தோரு இஞ்ச் மார்பா? இது ஆளா, சர்க்கஸ் கூடாரமாம்மா?" என்றார். கடையே சிரித்தது. "ரஷ்யாக்காரப் பொண்ணு பாய்" என்றேன். "அப்ப டேப்பத் திருப்பிப் பாரு பாப்பா. அந்தப் பக்கம் வேற கணக்கு கீது" என்றார். திருப்பினால் சென்டிமீட்டர். மூன்று வருஷமாக அந்த டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன், மறுபக்கம் பார்த்ததில்லை. 81 என்றால் 32 இஞ்சுதான். எனக்கு 30.

உன் கடிதத்தில் லேனா ஐந்து இடத்தில் வருகிறாள். அம்மா இரண்டு இடத்தில். குவார்ட்டர்ஸ் ஓரிடத்திலும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, கண்ணில் பட்டது.

பத்தாவதில் என்னென்ன பாடம் படிக்கிறாளாம்? உன்னிடம் பேசும்போது உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள்?

கடையில் வேலை அதிகம். ரவிக்கை கொஞ்சம் தாமதமாகும்.

தங்கபுஷ்பம்


விசாகப்பட்டினம்,
28-3-1972

அன்புத் தங்கத்துக்கு,

நான் சுகம். உங்கள் இருவர் சுகமும் நாலு வரியில் வந்தாலும் போதும், தவறாமல் எழுது.

வளையம் பொருந்திவிட்டது. போன வாரம் கடலில் இரண்டு கப்பலும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே வேகத்தில் ஓட, நடுவில் குழாய் தொங்க, இரண்டு மணி நேரம் எண்ணெய் ஓடியது. ஒரு சொட்டுக் கசியவில்லை. குழாய்ப் பக்கம் நின்ற பையன்களுக்கு ரஷ்ய வார்த்தை மூன்று, இங்கிலீஷ் வார்த்தை மூன்று, மீதி கைஜாடை. செர்கேய் என்னைத் தூக்கிச் சுற்றினார். நான் அப்படி ஒன்றும் லேசானவன் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

இப்போது முக்கியமான செய்தி. இன்னும் கப்பல்கள் வரப்போகின்றன. அதற்காகச் சில பேரை ரஷ்யாவுக்குப் பதின்மூன்று மாதப் படிப்புக்கு அனுப்புகிறார்கள். கடைசல் வேலையிலிருந்து ஒருவன்தான். என் பெயர் முதலில் இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு சம்மதப் படிவம் ரிஜிஸ்தரில் வரும். அம்மாவின் கைநாட்டும், பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரி ஒருவரின் சாட்சியும் வேண்டும். ஜூன் பதினைந்துக்குள் என் கையில் இருக்க வேண்டும். அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல். நீ சொன்னால் கேட்பாள்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். செர்கேய் குடும்பமும் பட்டறை ஆட்களும். பின்னால் ரஷ்யனில் எழுதியிருப்பது பெரிய வேடிக்கை. எழுதினால் சிரிப்பு வராது, நேரில் வந்து சொல்கிறேன்.

உன் அண்ணா,
வெள்ளைத்துரை


தியாகராய நகர்,
16-4-1972
(அனுப்பாதது)

அண்ணா,

இதை நான் தபாலில் போடப்போவதில்லை. நூல்கண்டு வைக்கிற பாபின் டப்பாவில் வைத்துவிடுவேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும், எனக்குச் சொல்வதற்கு உன்னைத் தவிர ஆளில்லை, உன்னிடம் சொல்லவும் முடியாது.

இன்று மயிலாப்பூரில் விஜயலக்ஷ்மி டீச்சர் வீட்டுக்கு ரவிக்கை கொடுக்கப் போனேன். அவர் ஞாயிற்றுக்கிழமை ரஷ்யப் பாட வகுப்புக்குப் போகிறவர். ரவிக்கைக்குள் உன் படத்தை வைத்துக்கொண்டு போயிருந்தேன். வாசலில் பத்து நிமிஷம் நின்று, கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்து, கடைசியில் கேட்டேவிட்டேன்.

"ஏதுடீ இது, ரஷ்ய எழுத்துன்னா?" என்றார்.

"தெரிஞ்சவங்க படம் மாமி. என்ன எழுதியிருக்குன்னு கேக்கச் சொன்னாங்க."

அவர் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். "'எங்கள் அன்னாவுக்கு, மகளிர் தின வாழ்த்து.' கீழ மார்ச் எட்டுன்னு போட்டு மூணு பேர் கையெழுத்து. அந்த ஊர்ல அன்னைக்குப் பொம்மனாட்டிகளுக்கெல்லாம் பூ குடுப்பாளாம், வகுப்புல சொன்னா."

"அன்னான்னா யாரு மாமி?"

"பொண்ணு பேருடீ. நம்ம ஊர்ல காமாட்சி மாதிரி. அங்க தெருவுக்கு நாலு அன்னா இருப்பா."

படத்தில் உனக்குப் பக்கத்தில் குட்டை முடியோடு ஒருத்தி நிற்கிறாள். உன் தோளில் அவள் தோள் இடிக்கிறது. அவள்தான் என்று டீச்சர் சொல்லாமலே தெரிந்துவிட்டது. அவளுக்கு வாழ்த்து எழுதிக் கொடுத்த படம் உன் பெட்டிக்கு எப்படி வந்தது? இரண்டு பேருக்கும் ஒரே பெட்டி என்றால்தான் வரும். அதனால்தான் குவார்ட்டர்ஸ் பேச்சை விட்டாய். அதனால்தான் ரஷ்யா. லேனாவை நினைத்து ஒரு மாதமாக எரிந்துகொண்டிருந்தேன், முட்டாள். அவள் சின்னப் பெண்.

பெயரைப் பார். அம்மா உன்னை 'எய்யா' என்பாள். சித்தி பிள்ளைகள் 'அண்ணாச்சி' என்பார்கள். நம் குடும்பத்தில் 'அண்ணா' என்று கூப்பிடுகிறவள் நான் ஒருத்திதான், அதுவும் ஊரிலிருந்து இங்கே வந்தபின் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வந்து கூப்பிட்டேன். அதையே ஒரு சுழி குறைத்துப் பெயராக வைத்துக்கொண்டு ஒருத்தி உன் பக்கத்தில் நிற்கிறாள்.

வரும் வழியில் நீலத் துணி வாங்கினேன். அவளுக்கு இல்லை, லேனாவுக்குத்தான். ஆனால் வெட்டும்போது என் கை என் பேச்சைக் கேட்குமா என்று தெரியவில்லை.


தியாகராய நகர்,
19-4-1972

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நலம். தங்கள் நலமும் அவ்விடத்தில் உள்ளவர்கள் நலமும் அறிய வேண்டியது.

படம் கிடைத்தது. நன்றாக இருக்கிறது. ரவிக்கை தனிப் பார்சலில் வருகிறது. நீங்கள் சொன்ன படிவம் எதுவும் வரவில்லை.

தங்கபுஷ்பம்


விசாகப்பட்டினம்,
4-5-1972

அன்புத் தங்கத்துக்கு,

சுகம், சுகம்தானே நீங்களும்? பார்சல் வந்தது. லேனாவுக்குப் பரீட்சை நேரம், முடிந்ததும் கொடுக்கிறேன். படிவம் ஏப்ரல் இருபதாம் தேதியே இங்கிருந்து போய்விட்டதாக ஆபீசில் சொல்கிறார்கள். தபால்காரரிடம் விசாரி. எனக்கு இதுபோல் இன்னொரு வாய்ப்பு வராது, தங்கம். நீ ஏன் 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய்?

அண்ணா


தியாகராய நகர்,
10-5-1972

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே வெயில் கடுமை. மற்றபடி நலம். அங்கும் அவ்வாறே இருக்கும்.

அம்மா சொல்ல நான் எழுதுவது: படிவம் வந்தது. எனக்கு இதில் சம்மதம் இல்லை. அப்பா போன பிறகு நீதான் இந்த வீட்டுக்கு ஆண்பிள்ளை. கண் காணாத தேசத்துக்குப் போய் அங்கே யாரோடாவது நின்றுவிட்டால் நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது? எனக்கு இளைப்பும் விட்டபாடில்லை. கைநாட்டு வைக்க மாட்டேன். இதற்குமேல் என்னைக் கேட்காதே.

இவ்வளவுதான் அம்மா சொன்னாள்.

தங்கபுஷ்பம்


விசாகப்பட்டினம்,
23-5-1972

அன்புத் தங்கத்துக்கு,

நான் நலமே. அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்.

பத்து நாள் என்ன எழுதுவதென்று தெரியாமல் இருந்துவிட்டேன். அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம். ஜூன் முதல் தேதி அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிடுவேன். பட்டியலில் அடுத்திருப்பவன் கேரளத்துக்காரன். நல்ல கை. ஆனால் மில்லிமீட்டர் பக்கம் வந்தால் தடுமாறுவான். போகட்டும், கற்றுக்கொள்வான்.

செர்கேயிடம் நேற்றுச் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பிறகு லேனா மூலமாக, "அன்னா வராவிட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்?" என்று கேட்டார். உனக்கு அந்த வேடிக்கையை நேரில் சொல்வதாக இருந்தேன். இனி எப்போது வருவேனோ, எழுதிவிடுகிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் உன் கடிதத்தை வாய்விட்டு வாசிக்கிற பழக்கம் எனக்கு. முதல் வார்த்தை என்ன என்று லேனா கேட்டாள். அண்ணா என்றேன். என் தங்கை என்னை அப்படித்தான் கூப்பிடுவாள் என்றேன். 'வெள்ளைத்துரை' அவர்கள் வாயில் நுழையவில்லை. மேலும், இப்படிக் கறுப்பாக இருக்கிறவனுக்கு அந்தப் பெயரின் அர்த்தத்தைச் சொன்னபோது அரை நாள் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து பட்டறை முழுக்க நான் 'அன்னா'. அவர்களுக்கு ண வராது. அங்கே அது பெண் பெயராம். வேலைப் பலகையில் 'அன்னா' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, புதிதாக வந்த ரஷ்ய அதிகாரி ஒருவர் தலை வாரிக்கொண்டு வந்து, "அன்னா எங்கே?" என்று கேட்டார். செர்கேய் என்னைக் காட்டினார். மார்ச் எட்டாம் தேதி அவர்கள் ஊரில் பெண்களுக்கு வாழ்த்துச் சொல்வார்கள். அந்தக் கேலிக்குத்தான் செர்கேயும், படத்தில் என் பக்கத்தில் நிற்கும் அவர் மனைவியும், லேனாவும் அந்தப் படத்தின் பின்னால் எழுதி எனக்குக் கொடுத்தார்கள்.

எழுதினால் சிரிப்பு வராது என்றேனே, சரிதான். வரவில்லை.

உன் அண்ணா,
வெள்ளைத்துரை


தியாகராய நகர்,
29-5-1972
(எக்ஸ்பிரஸ் டெலிவரி)

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்கு இன்று முகம் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். இத்துடன் படிவம் இருக்கிறது. அம்மாவின் கைநாட்டும் பச்சை மைக் கையெழுத்தும் இருக்கின்றன. அதிகாரியிடம் எதுவும் எழுதிக் கொடுக்காதே.

அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு ரஷ்யா என்ற பேச்சே தெரியாது. உன் கடிதத்தை வாசிக்கும்போது அந்தப் பத்தியைத் தாண்டி வாசித்தேன். ரிஜிஸ்தர் தபால்காரர் வந்தபோது, பாய் சம்பந்தப்பட்ட காகிதம் என்று சொல்லித் தபால் ரசீதில் அம்மாவின் கைநாட்டு வாங்கிக்கொண்டேன். அந்தப் படிவம் ஒரு மாதம் என் பாபின் டப்பாவில் கிடந்தது. பத்தாம் தேதிக் கடிதத்தில் அம்மா சொன்னதாக எழுதியதெல்லாம் நான் சொன்னது.

காரணம் எழுத வெட்கமாக இருக்கிறது. படத்துக்குப் பின்னால் இருப்பதை ஒருவரிடம் படிக்கச் சொன்னேன். அன்னாவுக்கு என்று இருந்தது. நீ அன்னா என்ற ஒருத்தியோடு இருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன். நாற்பது நாள் ஒரு பெண்பிள்ளையைச் சபித்துக்கொண்டிருந்தேன் அண்ணா. அவள் நீதான்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் படிவத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இன்று காலை பாயிடம் படிவத்தைக் காட்டினேன். "அடையார்ல ஒரு டாக்டர் கீறாரு, சர்க்கார் ஆஸ்பத்திரி. நம்ம கிட்டதான் கோட்டு தெப்பாரு. பச்ச மை வெச்சிக்கினு கீறாரு, வா" என்று கடையைப் பூட்டினார். அம்மாவைப் 'பாய் கூப்பிடுகிறார்' என்று மட்டும் சொல்லிப் பஸ் ஏற்றினேன். டாக்டர் வீட்டு வாசலில் பாய் நின்றுவிட்டார்.

"நீங்க சொல்லுங்க பாய்."

"நான் சொன்னா நாயமா இருக்குமா? உன் அண்ணன், உன் வாயி. ஊசிய எட்துட்டுப் பேசு."

பேசினேன். குரல் எனக்கே கேட்கவில்லை. டாக்டர் அம்மாவைப் பார்த்து, "பையன் ரஷ்யா போறதுக்கு உங்களுக்குச் சம்மதம்தானேம்மா?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "ஏட்டி, இது எப்ப வந்துது?"

"போன மாசம்."

அம்மா டாக்டர் பக்கம் திரும்பினாள். பெருவிரலை நீட்டினாள். "கடல்ல கெடக்குறதுக்கு பதிமூணு மாசம் கரையில கெடக்குறது மேலுதான் சார். வைங்க" என்றாள்.

பஸ்ஸில் என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

ரவிக்கையிலும் ஒரு தப்பு செய்திருக்கிறேன். அதைக் கொடுக்காதே.

தங்கபுஷ்பம்


விசாகப்பட்டினம்,
30-5-1972

தங்கபுஷ்பத்துக்கு,

அம்மா நலமாக இருப்பாள் என்று நினைக்கிறேன்.

லேனா பரீட்சை முடிந்து நேற்று ரவிக்கையைப் போட்டுப் பார்த்தாள். கொக்கி எட்டவில்லை. தன் உடம்புதான் பருத்துவிட்டது என்று அவளுக்கு வெட்கம். பக்கத் தையலைப் பிரித்தால் சரியாகும் என்று நான்தான் வாங்கிப் பிரித்தேன். உள்ளே துணி இல்லை. அளவெடுத்துப் பார்த்தேன். 31 இஞ்ச், விளிம்போடு விளிம்பாக வெட்டியிருக்கிறாய். நீ பொம்மைக்குத் தைத்த நாளிலிருந்து பார்க்கிறேன். இரண்டு பக்கமும் ஓர் இஞ்ச் உள்ளே விடாமல் நீ தைத்ததே இல்லை.

என் வேலை அளவு. கை தவறி வந்த தப்பும் வேண்டுமென்று வந்த தப்பும் எனக்கு வேறு வேறாகத் தெரியும். அதற்குப் பிறகு உன் பத்தாம் தேதிக் கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். 'யாரோடாவது நின்றுவிட்டால்' என்று அம்மா பேச மாட்டாள்.

சித்திரையில் குவார்ட்டர்ஸ் தருவதாகச் சொன்னார்கள். ரஷ்யாவுக்கு என் பெயர் வந்ததும் அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இதை உனக்கு எழுதத் துணிச்சல் வரவில்லை. அது என் தப்பு.

நான் போக வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால், அம்மா பெயரில் எழுதாதே. உன் பெயரில் ஒரு வரி எழுது. நின்றுவிடுகிறேன். அது வரும்வரை அதிகாரியிடம் போக மாட்டேன்.

வெள்ளைத்துரை


தியாகராய நகர்,
10-9-1972

அன்புள்ள லேனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தமிழ் எழுத்தில் நீ எழுதிய நாலு வரியையும் வாசித்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம். உன் அப்பா, அம்மா சுகத்தையும் விசாரித்ததாகச் சொல். உன்னை நீ என்றே எழுதுகிறேன். கோபம் வந்தால்தான் எனக்கு 'நீங்கள்' வரும்.

இதை நான் சொல்ல விஜயலக்ஷ்மி டீச்சர் அகராதி பார்த்துப் பார்த்து உன் மொழியில் எழுதுகிறார். ஒன்றையும் மாற்றாமல் எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். எழுதுகிறவர் நினைத்தால் எதையும் மாற்றிவிடலாம். எனக்குத் தெரியும்.

'அன்னா போனார், பட்டறை சத்தம் இல்லை' என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அப்படித்தான். போவதற்கு முன் மூன்று நாள் வந்திருந்தார். நானும் அவரும் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கெட்டுப்போன வளையங்களில் ஒன்றைக் கொண்டுவந்தார். அம்மா அதைத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. அதைப் பார்த்துச் சிரித்துத்தான் அம்மா என்னோடு மறுபடி பேச ஆரம்பித்தாள். மே முப்பதாம் தேதி, நான் அனுப்பிய படிவம் கைக்குக் கிடைக்குமுன், அவர் எனக்கு எழுதிய கடிதத்தில் அண்ணா என்று போடாமல் வெறும் பெயரைப் போட்டிருந்தார். அதைப் பற்றியும் நான் கேட்கவில்லை. ஊருக்குப் போகிற அன்று ஸ்டேஷனில் ரயில் நகரும்போது ஜன்னலிலிருந்து, "அண்ணாவுக்கு லெட்டர் போடு" என்றார். அது போதும்.

பழைய ரவிக்கை உன் உடம்பால் சேராமல் போகவில்லை. நான் வேண்டுமென்று சின்னதாக வெட்டினேன். நீ பத்தாவது படிக்கிறாய், என் அண்ணன் பக்கத்தில் தினமும் நிற்கிறாய், அவர் உனக்குத் தமிழ் சொல்லித் தருகிறார் என்று எரிச்சல். இன்னொருத்தி மேலும் எரிச்சல் இருந்தது, அது வேறு கதை. இப்போது அந்த எரிச்சலெல்லாம் போய்விட்டது என்று சொன்னால் டீச்சருக்கே சிரிப்பு வரும். கொஞ்சம் இருக்கிறது.

இத்துடன் புது ரவிக்கை வருகிறது. நீலம்தான். டேப்பின் உன் பக்கத்தை வைத்தே வெட்டினேன், 81. இரண்டு பக்கமும் உள்ளே தாராளமாகத் துணி விட்டிருக்கிறேன். நீ கல்யாணமாகிப் பருத்தாலும் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். கொக்கி முன்பக்கம். சேலை கட்டத் தெரியாவிட்டால் பட்டறையில் கேட்காதே, அங்கே ஒருவனுக்கும் தெரியாது.

அடுத்த வருஷம் அவர் திரும்பி வரும்போது நீ இங்கேதான் இருப்பாய் என்று எழுதியிருக்கிறாய். மறுபடி அவரை எப்படிக் கூப்பிடலாம் என்று என்னிடம் அனுமதி கேட்டிருக்கிறாய். யோசித்து வைத்திருக்கிறேன். தமிழில் இரண்டு சுழி ன ஒன்று உண்டு, மூன்று சுழி ண ஒன்று உண்டு. உன் கடிதத்தில் இரண்டு சுழிதான் போட்டிருக்கிறாய். அதை நீயே வைத்துக்கொள். உன் அப்பாவும் பட்டறையும் வைத்துக்கொள்ளட்டும். திருத்திக்கொள்ள வேண்டாம், யாராவது சொல்லித் தந்தாலும் கற்றுக்கொள்ள வேண்டாம்.

மூன்று சுழி எனக்கு.

தங்கபுஷ்பம்